மரத்த விரல்கள்

மாப்பிள்ளை வீட்டார் வந்து மெரிமாவைப் பெண் கேட்டுப் போய்விட்டார்கள். மரியாதைக்கு ஒருமுறை அவர்கள் வீட்டுக்கும் போய் வர வேண்டும். மெரிமாவின் தாய் ருகியா அந்தப் பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அங்கே போனால் வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டும். அவளுடைய கவலையெல்லாம் அதுதான்.

மார்பில் வந்த புற்றுநோய் போய்விட்டது என்று மருத்துவர்கள் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. முடி வளர்ந்துவிட்டது. கால்விரல்களுக்குத்தான் உணர்ச்சி திரும்பவில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய நாட்களில் மரத்தவை அப்படியே கிடந்தன. நகங்கள் பழுப்பேறித் தடித்து, கட்டைவிரல் நகம் சதையைவிட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. சம்பந்தி வீட்டாரிடம் ருகியா இதில் எதையும் சொல்லவில்லை.

"கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று மகளிடம் சொல்லியிருந்தாள்.

தங்கள் ஊரான ஸெனிட்ஸாவிலிருந்து பஸ்ஸில் மாப்பிள்ளையின் ஊரான திராவ்னிக் போய் இறங்கி, மேட்டுத் தெருவில் ஏறினார்கள். வாசலில் மாப்பிள்ளை நெர்மினின் தாய் நிஸாமா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வாங்க சம்பந்தி! உங்களுக்காகக் காத்திருந்து காத்திருந்து காபிக்கே நரை விழுந்திடுச்சு!"

ருகியா சிரித்தபடி சுவரைப் பிடித்துக்கொண்டு ஷூவைக் கழற்றினாள். நிஸாமா விருந்தாளிகளுக்கான செருப்பை நீட்டினாள். விரல்களால் பிடிக்க முடியாததால் அந்த மாதிரிச் செருப்பு காலில் நிற்காது. கழன்று விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது.

"வேணாம்மா, எனக்குக் காலுறையே போதும்."

கூடத்துக்குள் நாலடி நடந்திருப்பாள். பின்னால் வந்த மெரிமா அலறினாள்.

"அம்மா! ரத்தம்!"

வெள்ளைக் காலுறையின் முனை சிவந்திருந்தது. வெளிர் நிறக் கம்பளத்தில் அடிக்கு அடி திட்டுத் திட்டாகக் கறை. ஷூவைக் கவிழ்த்தபோது கூரான சிறு கல் ஒன்று விழுந்தது. மேடு முழுவதும் அதன் மேல்தான் நடந்து வந்திருக்கிறாள்.

"ஐயோ, உங்க கம்பளம்..." என்றாள் ருகியா.

"கம்பளம் கிடக்குது, நீங்க உக்காருங்க!" நிஸாமா ஓடிப்போய் அகலமான பாத்திரமும் வெந்நீர்க் கெட்டிலும் கொண்டுவந்தாள். தானே தரையில் உட்கார்ந்து காலுறையை உருவினாள். கட்டைவிரல் நகம் அதோடு கழன்று வந்தது. நிஸாமா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. விரல்கள் முங்கும் அளவு தண்ணீர் ஊற்றினாள்.

"சூடு போதுமா, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

"ஊத்துங்க" என்றாள் ருகியா. வேறென்ன சொல்வது?

கழுவிவிடப் பாத்திரத்துக்குள் கைவிட்ட மெரிமா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "காலை எடும்மா! கொதிக்குது!"

வெளியே எடுத்தபோது விரல்கள் செக்கச் சிவந்திருந்தன. ருகியா யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி, என்ன இது?" நிஸாமாவின் குரல் இறங்கியிருந்தது.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. ருகியா எல்லாவற்றையும் சொன்னாள். நிஸாமா கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டாள். பிறகு கதவருகே நின்றிருந்த மகன் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமாடா?"

நெர்மின் தலையைக் குனிந்துகொண்டான். நிஸாமா மறுபடி ருகியாவிடம் திரும்பினாள்.

"உங்களுக்கு மட்டுந்தானா? உங்க குடும்பத்துல வேற யாருக்காவது..."

"எங்க அக்காவுக்கும் வந்துச்சு. போய்ச் சேர்ந்துட்டா."

 நிஸாமா மெரிமாவை ஏறிட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை மட்டும் ருகியாவுக்கு நன்றாக உறைத்தது. காபி குடித்தார்கள், பக்லவா இனிப்பைப் பிட்டுப் பிட்டு வைத்தார்கள். கிளம்பும்போது நிஸாமா ருகியாவைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டாள்.

"கல்யாணத்துக்கு அவசரம் ஒண்ணுமில்ல. குளிர்காலம் போகட்டும், பாத்துக்கலாம்."

பஸ்ஸில் மெரிமா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

"பெரியம்மாவப் பத்தி எதுக்கும்மா சொன்ன?"

"கேட்டாளேடி."

"கேட்டா? இல்லன்னு சொல்ல உனக்கு வாய் வரலையா? கல்லு குத்துனது தெரியல, ரத்தம் வந்தது தெரியல, இதுவாவது தெரிய வேணாமா?" சொல்லிவிட்டு அவளே அழுதாள். ருகியா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மெரிமா விடுவித்துக்கொள்ளவில்லை.

குளிர்காலம் போனது. நெர்மின் முதலில் மெரிமாவிடம் தினமும் போனில் பேசினான், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், பிறகு ரமலானுக்கு வாழ்த்து மட்டும் அனுப்பினான். ருகியா மருத்துவரிடம் விரல்களைப் பற்றிக் கேட்டாள்.

"இவ்வளவு நாளா வராதது இனிமே வர்றது கஷ்டம்மா. உயிர் மிஞ்சிச்சே, அதை நினைச்சுக்குங்க."

மெரிமா மாலை வேலைவிட்டு வந்ததும் அம்மாவின் காலை மடியில் தூக்கி வைத்து, காயம் ஏதும் உண்டா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். விரல்களை ஒவ்வொன்றாக அழுத்துவாள்.

"தெரியுதா?"

"இல்ல."

பிறகு ஒருநாள் மெரிமா அம்மாவின் காலைப் பார்த்தாள், களிம்பு தடவினாள், காலுறையை மாட்டிவிட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.