முதல் முத்தத்துக்கான சீட்டு

கப்பல் திரும்பும் நாளில் எங்கள் கடற்படைத் துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. காத்திருக்கும் குடும்பத்தார் பெயரெழுதிச் சீட்டுப் போடுவார்கள். யார் சீட்டு வருகிறதோ அவருடைய ஆள்தான் முதலில் இறங்குவார். கரையில் முதல் முத்தம் அந்த ஜோடிக்கு. குடும்பச் சங்கத் தலைவி என்பதால் சீட்டெடுப்பது நான், டார்லா.

இன்று காலை எனக்காகச் சீட்டு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கர்டிஸ். அவன் கணவன் வெண்டல் கப்பலில் மெக்கானிக். ஆணும் ஆணும் ஜோடியாக இருக்கலாம் என்று கடற்படையில் சட்டம் மாறுவதற்கு முன்பெல்லாம் கர்டிஸ் தன்னை வெண்டலின் தம்பி என்று சொல்லிக்கொண்டு பின்வரிசையில் நிற்பான். இந்தப் பயணம் முழுக்கச் சங்க வேலைகளை இழுத்துப் போட்டுச் செய்தவனும் அவன்தான். கெய்ட்லினுக்குப் பிரசவ வலி வந்தபோது அவள் கணவன் நடுக்கடலில் இருந்தான். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது கர்டிஸ்.

"நல்லா உள்ள கையை விட்டுத் துழாவுங்க டார்லா. மேலாப்புல எடுத்தீங்கன்னா நாந்தான் திட்டு வாங்கணும்."

எடுத்தேன். கர்டிஸ் பெயர்.

எதிரே டிவி கேமரா. முன்வரிசையில் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் மனைவிமார். நாளைக்கு இவர்கள் என் வீட்டுக்காரரிடம் என்ன பேசுவார்களோ என்றுதான் என் கேடுகெட்ட புத்தி போனது. சீட்டைக் கைக்குள் மடக்கினேன்.

"ரெண்டு ஒட்டிக்கிச்சு" என்று இளித்துவிட்டு, இடது கையால் இன்னொன்றை எடுத்தேன். கெய்ட்லின். கர்டிஸின் முகத்தை நான் பார்க்கவில்லை.

கெய்ட்லின் குழந்தையோடு ஓடிவந்தாள். "நீ போ கர்டிஸ். அன்னிக்கு நீ இல்லேன்னா நான் செத்திருப்பேன்."

"அதெல்லாம் கிடையாது. உன் ஆளு இன்னும் புள்ள முகத்தையே பாக்கல. ஓடு."

கூட்டம் பாதி கலைந்த பிறகுதான் வெண்டல் இறங்கினான். கேமராக்காரர்கள் போய்விட்டார்கள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றபோது, நான் பயந்த அந்த முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

வெண்டல் நேரே என்னிடம் வந்தான். "இவனைத் தனியா விடாம உங்கள்ல ஒருத்தனா பாத்துக்கிட்டீங்களாமே மேடம். ரொம்ப நன்றி" என்று கையை நீட்டினான்.

என் வலது கைக்குள் அந்தச் சீட்டு வியர்வையில் ஊறிக் கிடந்தது. இடது கையை நீட்டினேன். வெண்டல் விழித்தான்.

"அதையே பிடிச்சுக் குலுக்கு" என்றான் கர்டிஸ். "காலைலேர்ந்து அவங்க அந்தக் கையைத் திறக்கவே இல்ல."