எண்பத்தாறு வட்டங்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலைக் கூட்டம் வடிந்திருந்தது. ஊசியக்கா கடைசிக் குழாயில் சீட்டை ஒட்டிவிட்டு நிமிர்ந்தபோது, கீழ்வீட்டு டெய்லர் அண்ணன் கழுத்தில் அளவு நாடாவோடு உள்ளே வந்தார். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பதினெட்டு வருடமாகத் தெருவில் பாதிப் பேர் கையில் குத்தி ரத்தம் எடுத்தவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கு மனசு வரும்? சின்னவர்களுக்கு ஊசியக்கா, பெரியவர்களுக்கு வெறும் ஊசி.

“வாங்கண்ணே, சர்க்கரை பார்க்கணுமா? வெறும் வயிறுதானே?”

“சர்க்கரை கிடக்குது போ. ஊசி, ஓட்டர் லிஸ்ட்ல என் பேரு இல்ல.”

அவள் சிரித்தேவிட்டாள். “நான்தானே வீடு வீடா ஏறி இறங்கிச் சரிபார்த்தேன். கண்ணாடியைப் போட்டுட்டுப் போய்ப் பாருங்க.”

“போட்டுட்டுத்தான் பார்த்தேன். என் பேரு இல்ல, என் பொண்டாட்டி பேரு இல்ல. உன் வீட்டுக்காரர் பேரும் இல்ல, உன் பேரும் இல்ல. நம்ம தெருவே இல்லம்மா.”

சிரிப்பு பாதியில் நின்றது. கையுறையைக் கழற்றி எங்கே போட்டாள் என்பதுகூட அவளுக்கு அப்புறம் நினைவில்லை.

விஷயம் இதுதான். தெருக்கோடியில் இருக்கும் காலி மைதானத்தில் ஊர்க்குப்பையை எரிக்கும் ஆலை ஒன்றைக் கட்ட நகராட்சி நினைத்தது. கட்டலாமா, வேண்டாமா என்று வார்டு மக்களையே கேட்டுவிடுவது என்று முடிவாகி, வரும் ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. ஊசியக்கா இருந்த வாக்காளர் மன்றம் எந்தப் பக்கமும் சாராதது. பட்டியலைச் சரிபார்ப்பார்கள், பெயர் சேர்க்க உதவுவார்கள், ஓட்டுப் போடச் சொல்வார்கள். எதற்குப் போடுவது என்று மட்டும் வாய் தவறியும் சொல்லக்கூடாது. “கல்யாண வீட்டுல பந்திக்கு மட்டும் கூப்பிட்டுட்டு, பொண்ணு யாரு மாப்பிள்ளை யாருன்னு கேட்டா ஓடிப்போற ஆளுங்க நீங்க” என்று அவள் கணவர் கிண்டல் செய்வார். கிண்டல் செய்து முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு வேண்டும்.

அவர் இருபத்திரண்டு வருடம் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான்கு வருடமாக மூன்றாவது மாடி வீட்டில், ஆக்ஸிஜன் மிஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாலு அடி வாழ்க்கை. ஊதுவத்திப் புகைகூட ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆலை வந்தால் ஜன்னலிலிருந்து இருநூறு அடியில் புகைபோக்கி. வேறு வீடு பார்த்துப் போகவும் வழியில்லை. அதனால் ‘வேண்டாம்’ என்ற சொல் அவளுக்குள் ராப்பகலாகக் கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வீடு வீடாகக் கதவைத் தட்டியபோது ஒரு கதவில்கூட அவள் அதைச் சொன்னதில்லை. யார் பக்கம் நீ என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே, “ஓட்டுப் போடுங்க, அவ்வளவுதான்” என்றாள். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

மன்றத்தின் அலுவலகம் ஒரு பைண்டிங் கடைக்கு மேலே ஒற்றை அறை. செயலாளர் தபால் நிலையத்தில் ஓய்வு பெற்றவர். ரப்பர் ஸ்டாம்பைக்கூடக் கோணலாகக் குத்தமாட்டார். அவள் சொன்னதைக் கேட்டதும் அலமாரியைத் திறந்து அவளுடைய நோட்டை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம், வரிசை எண்களைச் சுற்றி நீல மையில் வட்டங்கள். அழகான, முழு வட்டங்கள்.

“இதைப் பார்த்துத்தாம்மா டைப் அடிச்சு நகராட்சிக்குக் கொடுத்தேன். வட்டம்னா காலி பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். டிக் அடிச்சா இருக்காங்கன்னு அர்த்தம். பயிற்சி அன்னிக்கு முதல்லயே சொன்னதுதானே?”

பயிற்சி அன்றைக்குப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை முறை. அரை மணி தாமதமாகத்தான் போனாள். அவள் போனபோது டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வட்டம் எதற்கு, டிக் எதற்கு என்று கேட்கவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பதினெட்டு வருடமாகக் கூடத்துப் பதிவேட்டில் அவளுக்கு வட்டம் என்றால் ஒரே அர்த்தம்தான்: குழாய் வந்து சேர்ந்தது, பத்திரமாக இருக்கிறது. கதவைத் திறந்து முகம் காட்டிய ஒவ்வொருவரையும் அவள் அப்படித்தான் பத்திரப்படுத்தினாள். வீட்டில் இல்லாதவர்களை ஒன்றும் போடாமல் விட்டாள். ஒன்றும் போடாதவர்கள் பட்டியலில் அப்படியே இருந்தார்கள். ஆக, காலி செய்துகொண்டு போனவர்களுக்கும், போய்ச் சேர்ந்தவர்கள் மூன்று பேருக்கும் ஓட்டு இருந்தது. உயிரோடு கதவைத் திறந்தவர்களுக்கு இல்லை.

“எண்பத்தாறு பேர் ஒரே தெருவுல காலி பண்ணுவாங்களா சார்? உங்களுக்குத் தோணலையா?”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தோணிச்சும்மா. ஆலைக்குப் பயந்து போயிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்து வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். ஆலைக்காரன் ஆயிரம் பேரை வைத்துக்கூடச் செய்ய முடியாத வேலையை அவள் ஒரு பேனாவால் செய்து முடித்திருந்தாள். கழிசடை, முட்டாள் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்டி என்ன ஆகப்போகிறது?

நீக்கிய பெயர்களை ஒரு வாரம் நகராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பலகையை யார் பார்க்கிறார்கள்? ஆட்சேபம் சொல்ல இன்று மாலை ஐந்து மணி கடைசி. ஒவ்வொருவரும் அடையாள அட்டையோடு நேரில் வரவேண்டும். செயலாளர் படிவக் கட்டையும் அவளுடைய நோட்டையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “எழுந்திரும்மா, அழுகையை அப்புறம் வச்சுக்கலாம்” என்றார்.

வேலை நாள். தெருவில் பாதிக் கதவுகளில் பூட்டு. அவள் போன் செய்தாள், கெஞ்சினாள், மாடி மாடியாக ஏறினாள். சிலர் உடனே கிளம்பினார்கள். சிலர், “நீதானேம்மா எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னே?” என்று கேட்டுவிட்டு, வேலையைப் பார்க்கப் போனார்கள். இரண்டாவது மாடி அக்கா கதவை முழுசாகத் திறக்கக்கூட இல்லை.

“எந்தப் பக்கம்னு கேட்டா சிரிப்பே. இப்பத்தானே தெரியுது நீ எந்தப் பக்கம்னு.”

“அக்கா, சத்தியமா தப்பு நடந்துபோச்சு. கைப்பழக்கம்க்கா.”

“எண்பத்தாறு தடவையா கை பழகும்? அந்தத் தெருவுல நாலு பேரு விட்டுப்போச்சு, இந்தத் தெருவுல மூணு பேரு விட்டுப்போச்சுன்னா நம்பலாம். மொத்தத் தெருவையும் வழிச்சு எடுத்திருக்கியே!”

“என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியாதா? அந்த மனுஷன் மூச்சை நானே போய் நிறுத்துவேனா?”

சொல்லிவிட்டாள். தான் எந்தப் பக்கம் என்பதைக் கிட்டத்தட்ட சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற செயலாளர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சாத்திக்கொண்டது. மூன்றரை மணிக்குக் கணக்குப் பார்த்தால் பதினாலு பேர் போயிருந்தார்கள். இன்னும் எழுபத்திரண்டு.

தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் நுழைந்தவள் கட்டில் ஓரத்தில் அப்படியே சரிந்தாள். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறைத்து என்ன பயன்? அவர் கேட்டுக்கொண்டே இருந்தவர், திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ஐந்து நிமிடம் ஆனது.

“எனக்கும்… வட்டமா?”

“மொத வட்டமே உங்களுக்குத்தாங்க. இங்கேதானே உட்கார்ந்து ஆரம்பிச்சேன்.”

“அப்போ… கிளம்பு. நானும் வரேன்.”

“விளையாடாதீங்க. சின்ன சிலிண்டர் நாற்பது நிமிஷம்தான் தாங்கும். மூணு மாடி. ஒரு ஓட்டு போனாப் போகட்டும், விடுங்க.”

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். “ஒரு ஓட்டுக்கு இல்லடி. நான் இறங்கி… நாலு வருஷமாச்சு. நான் தெருவுல இறங்கினா… பார்ப்பாங்க இல்ல? நீ வாயைத் திறக்க வேணாம். நானும் ஒண்ணும்… சொல்ல மாட்டேன். உன் மன்றத்துக்கு… பங்கம் வராது.”

வேண்டாம் என்று அவள் காலைப் பிடித்துக்கூடக் கேட்டாள். அந்த மனுஷன் பிடிவாதம் பிடித்தால் பிடித்ததுதான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து முன்னால் டெய்லர் அண்ணனும் பின்னால் செயலாளரும் தூக்க, அவள் சிலிண்டரை இடுப்பில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். “மெதுவாண்ணே, மெதுவா” என்பதைத் தவிர அவள் வாயில் வேறு சொல் வரவில்லை. முகமூடிக்கு மேலே அவர் கண்கள் தெருவைப் பார்த்து, வெளிச்சம் தாங்காமல் சுருங்கின. தண்ணீர் கேன் போடுகிறவர் வண்டியிலிருந்து கேன்களை ஒரு வார்த்தை கேட்காமல் இறக்கி ஓரமாக வைத்தார். நாற்காலியை அதில் ஏற்றினார்கள். அப்போது மணி நாலு பத்து.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வண்டி நாலு வீடு தாண்டுவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது மாடி அக்கா கதவைப் பூட்டிய சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். முகத்தில் கோபம் குறையவில்லை. ஆனால் வந்துகொண்டிருந்தாள். முதல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் விஷயம் கேட்டு, வீட்டுக்குள் ஓடி அட்டையை எடுத்துக்கொண்டு சேர்ந்தார்கள். அலுவலக வாசலை எட்டும்போது நாற்பது பேருக்குக் குறையாது. ஊசியக்காவுக்கு ஓவென்று அழவேண்டும்போல இருந்தது, நேரம்தான் இல்லை.

ஒரே ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத முகத்தோடு ஒரு பெண். மணி நாலு முப்பத்தைந்து. ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றால்கூட எல்லாருக்கும் போதாது. இருந்தும் வரிசை தானாக விலகி நாற்காலியை முன்னால் விட்டது.

செயலாளர் நீட்டிய நோட்டை அந்தப் பெண் புரட்டினாள். “இந்த வட்டமெல்லாம் போட்டது யாரு?”

“நான்தாம்மா.”

“காலையில வந்தவங்க படிவம் எல்லாம் இதுக்காகத்தான் அப்படியே நிக்குது. தப்பாப் போட்டேன்னு உங்க கைப்பட எழுதிக் கொடுங்க. நாளைக்கு யாராவது கேஸ் போட்டா உங்க மேலதான் வரும், யோசிச்சுக்குங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குள் ஏழு நிமிடம் போய்விட்டது. சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கணவரின் படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு, “பேரு?” என்றாள்.

ஊசியக்கா சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“நீங்க சொல்லாதீங்கம்மா. உங்க பட்டியல் தப்புன்னுதானே எல்லாரும் இங்க நிக்கிறாங்க? நீங்க சொல்றதை நான் எழுத முடியாது. அவரே சொல்லணும். முழுப் பேரு, கதவு நம்பர், தெரு.”

“அவரால பேச முடியாதும்மா. பாரு, மூஞ்சியைப் பாரு. தப்பு பண்ணினது நான், என்னை என்ன வேணாலும் செய். அவரை விட்டுடு.”

“எனக்கும் அப்பா இருக்காரும்மா. ஆனா சட்டம் இதான். முடியலைன்னா ஓரமா உட்காரச் சொல்லுங்க, அடுத்தவங்களைப் பார்க்கிறேன்.” குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததை மறைப்பவர்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான்கு வருடமாக எந்த மருத்துவமனை ஜன்னலிலும், எந்த மருந்துக் கடையிலும் கணவரின் பெயரை அவள்தான் சொல்லியிருக்கிறாள். அவர் சொல்லி அவள் காதால் கேட்டுப் பல காலம் ஆகிவிட்டது. “வாங்க, வீட்டுக்குப் போகலாம்” என்று குனிந்து அவர் தோளைத் தொட்டாள். அவர் தலையை ஆட்டினார். போகலாம் என்கிறாரா, மாட்டேன் என்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

அவர் ஜன்னல் பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் முகமூடியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அந்தப் பெண் பேனாவை எடுத்துக் காகிதத்தின் மேல் நிறுத்தினாள். முதலில் அவர் தன் இனிஷியலை, அப்பா பெயரின் முதல் எழுத்தைச் சொன்னார். பேனா எழுதியது. பிறகு நெஞ்சுக்கூடு தூக்கித் தூக்கிப் போட, அடுத்த எழுத்துக்கு வாயைத் திறந்துகொண்டு மூச்சுக்காகக் காத்திருந்தார்.