கன்னியம்மாளின் மூட்டுவலி

1993-ஆம் வருஷம் ஐப்பசியில் கன்னியம்மாளின் மூட்டுவலி அவள் முழங்காலை விட்டு இறங்கிப்போய், அவள் புருஷன் பலராமனை அறைந்தது. மூன்று பற்கள் அடுப்படியில் விழுந்தன. குழம்பில் உப்பு கம்மி என்று அவன் விறகுக்கட்டையை ஓங்கியிருந்தான். பதினோரு வருஷமாக ஓங்குகிறவன்தான். அவன் சுருண்டு விழுந்ததும் வலி திரும்பி வந்து முழங்காலில் ஏறிக்கொண்டது. கன்னியம்மாள் விந்தியபடி போய்ச் சோற்றை வடித்தாள்.

அப்புறம் அவன் கை ஓங்கியபோதெல்லாம் வலி இறங்கியது. ஒரு முறை விலா, ஒரு முறை மணிக்கட்டு. ஆள் கெட்டிக்காரன், விஷயத்தைப் பிடித்துவிட்டான்: பெண்டாட்டியை அடிக்க வேண்டுமென்றால் முதலில் அவளைக் குணப்படுத்தியாக வேண்டும். தெருவே மெச்சும்படி அலைந்தான். முடக்கத்தான் தோசை, நொச்சி ஒத்தடம், ரமணாசிரமம் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் குத்திய ஊசிகள் என்று எதற்கும் வலி அசையவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து எண்ணெய் நீவ வந்தவரை மட்டும் சுவரில் தூக்கி அடித்தது. பாவம், தொடையில் கொஞ்சம் ஓங்கித் தட்டிவிட்டார்.

2001-இல் ஒரு வைத்தியரின் லேகியத்தையும் டாக்டரின் மாத்திரையையும் பலராமன் சேர்த்தே கொடுத்தான். வேறு மருந்து உண்டா என்று டாக்டர் கேட்டபோது இல்லையென்று சொல்லிவிட்டான். நம் ஊரில் யார்தான் உண்டென்று சொல்கிறார்கள்? வலி தேய ஆரம்பித்தது. கன்னியம்மாள் எட்டு வருஷத்துக்குப் பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்தாள், சந்தோஷத்தில் அழுதாள். மறுநாள் அவன் சோதித்துப் பார்க்கக் கையை ஓங்கினான். வலியால் அவன் கன்னத்தைக் கிள்ளத்தான் முடிந்தது. அவன் சிரித்தான்.

அன்றிலிருந்து மருந்தை வாயில் ஒதுக்கிக் கொல்லையில் துப்பினாள். வலி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அவன் எதிரில் முகம் சுளிக்காமல் குந்தினாள், குடம் தூக்கினாள். பன்னிரண்டாம் நாள் டாக்டர் முட்டியை அழுத்தி, "வலிக்குதாம்மா?" என்றார்.

"இல்லீங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பலராமன் கதவைத் தாழிட்டு, எட்டு வருஷ பாக்கியையும் சேர்த்து உலக்கையைத் தூக்கினான். வலி முழுசாக இறங்கியது. அவன் இரண்டு முட்டியும் நொறுங்கிய சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. உலக்கையையும் இரண்டாக முறித்துப் போட்டுவிட்டு, வலி அவளிடம் வந்து சேர்ந்தது. கூரையைப் பார்த்தபடி கிடந்தவனுக்கு அவள் தண்ணீர் கொடுத்தாள்.

2004-இல் ஆபரேஷன் செய்தால் வலி அடியோடு போய்விடும் என்றார் டாக்டர். கன்னியம்மாள் முதல் தடவையாக அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அதாலதான் உசுரோட இருக்கேங்க. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்."

டாக்டர் சீட்டில் அப்படியே எழுதிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.