கிணற்றில் தொங்கிய சீசா

ஓசூர் ஆஸ்பத்திரியில் படுக்கை காலியில்லை. அதனால் டாக்டர், நர்ஸ் ஜோதியம்மாளைப் பேரிகை கிராமத்தில் எல்லப்பனின் வீட்டுக்கே அனுப்பிவைத்தார். அவன் மனைவி சென்னம்மாளுக்கு நிமோனியா. நாலு மணி நேரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. தவறினால் உயிருக்கு ஆபத்து.

எல்லப்பனின் அண்ணி கெம்பம்மா முதல் நாளே மோப்பம் பிடித்துவிட்டாள்.

"சீசாவுல பாதிதான் ஊசியில ஏறுது. மீதிய முந்தானையில மறைச்சு கொல்லைக்குக் கொண்டுபோறா. வரும்போது கை காலி."

"எதுக்கு அண்ணி?"

"விக்கத்தான். வேப்பனப்பள்ளியில எந்தப் பணக்காரனுக்கு இருமலோ! நீ வாயில ஈ போறது தெரியாம நில்லு."

அதன்பிறகு நர்ஸ் ஆற்றிக்கொடுத்த கஞ்சியைக்கூட எல்லப்பன் முகர்ந்து பார்த்தே மனைவிக்குப் புகட்டினான்.

மறுநாள் காலை ஊசி போட்டதும் நர்ஸை ஒளிந்து பின்தொடர்ந்தான். அவள் கொல்லைக் கிணற்றில் குனிந்துவிட்டுத் திரும்பினாள். போய்ப் பார்த்தால், உள்சுவர்க் கல்லில் ஒரு மெல்லிய கயிறு. நுனியில் துணிப்பைக்குள் சீசா! கையும் களவுமாகப் பிடிக்க எண்ணி, சீசாவை மாட்டுத்தொட்டியின் விளிம்பில் வெயிலில் வைத்துக் காவலிருந்தான்.

அடுத்த ஊசிக்கு மருந்தெடுக்க வந்த ஜோதியம்மாள் சீசாவைத் தொட்டுப் பார்த்தாள். சீசா சுட்டது.

"எப்பப்பா எடுத்தே?"

"காலையிலயே. யாருக்காக ஒளிச்சீங்க?"

"உம்பொண்டாட்டிக்குத்தான். கரைச்ச மருந்து குளிர்ச்சியில இருக்கணும். இங்க ஐஸுக்கு எங்க போறது? குடிக்கிற கிணத்துல மருந்துன்னா சண்டைக்கு வருவீங்கன்னு சொல்லாம விட்டேன். அது என் தப்பு. வெயில்ல மருந்து கெட்டுப்போச்சு. இதான் கடைசி சீசா. ஓடு."

ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். எல்லப்பன் ஓசூருக்குச் சைக்கிளை மிதித்தான்.

கம்பவுண்டர் சீட்டை உரக்கப் படித்தார்: "என் கவனக்குறைவால் மருந்து வீணாயிற்று. உடனே வேறு அனுப்பவும்." பிறகு முகம் சுளித்தார். "இந்தம்மாவுக்குக் கொஞ்சமும் பொறுப்பில்ல."

எல்லப்பனைப் பற்றிச் சீட்டில் ஒரு சொல்லும் இல்லை.

"அவங்க இல்லீங்க. நாந்தான் கெடுத்தேன்."

புது மருந்தோடு திரும்பியபோது சென்னம்மாளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஜோதியம்மாள் அவளை மார்பில் சாய்த்துப் பிடித்து விசிறிக்கொண்டிருந்தாள். மூன்றரை மணி நேரம் தாமதம். ஊசி ஏறியது. எல்லப்பன் வேண்டாத தெய்வமில்லை.

விடியலில் சென்னம்மாளுக்கு வியர்த்தது. காய்ச்சல் இறங்கியது. கஞ்சி கேட்டாள்.

அன்றைக்கு ஊசி போட்டதும் மீதிச் சீசாவை எல்லப்பனே கொல்லைக்குக் கொண்டுபோனான். கெம்பம்மா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"இப்ப நீயும் கூட்டா?"

"ஆமாங்கண்ணி. வந்து கயித்தப் பிடிங்க."