நாலாவது குழி

விமலன் அண்ணனுக்குக் கை நடுங்குகிறது என்று கிள்ளானில் எங்கள் ஆபீஸ் முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டவர் முதலாளி ராமசுப்பிரமணியன். யாரையாவது குத்திப் பேசாவிட்டால் அந்த மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது.

எங்களுடையது செக்யூரிட்டி கம்பெனி. விமலன் அண்ணன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நகைக்கடை வாசலில் இடுப்பில் ரிவால்வரோடு நிற்பவர். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வருஷா வருஷம் சுடும் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு கையில் கம்பைக் கொடுத்து எங்காவது கேட்டில் நிறுத்திவிடுவார்கள். இத்தனை வருஷமாகத் தவறாமல் தேறிய மனுஷர் இந்த முறை தவறிவிட்டார். தவறியது போதாதென்று சோதனை அதிகாரியிடமே போய், "சார், டிரிகர் ஒரே சீரா வரல, ஒரு தடவை லேசா போகுது, ஒரு தடவை கல்லு மாதிரி நிக்குது" என்று சொல்லிவிட்டார். முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வெளியாள் முன்னால் கம்பெனித் துப்பாக்கியைக் குறை சொன்னதை அவர் மன்னிக்கவேயில்லை.

அதிகாரி நல்லவர், இன்னொரு முறை சுட்டுக் காட்டலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அனுப்புவதா வேண்டாமா என்பது முதலாளி கையில் இருந்தது. முதலாளி துப்பாக்கியைப் பார்க்கும்படி நாகையாவிடம் சொன்னார். துப்பாக்கிகளைப் பராமரிப்பது நாகையாவின் வேலை. ஆயுத அறையைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று அவரிடம், இன்னொன்று வாக்கிடாக்கி மேசையில் உட்காரும் என்னிடம். அதனால் நானும் கூடவே இருந்தேன்.

நாகையா டம்மி குண்டுகளைப் போட்டு, உருளையின் ஒவ்வொரு குழிக்கும் மார்க்கர் பேனாவால் எண் எழுதினார். மீன்கடைக்காரர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசை டிரிகர் விசையில் மாட்டி மெதுவாக இழுத்தார். மூன்று குழி வரை முள் ஒரே இடத்தில் நின்றது. நாலாவதில் எகிறியது. திரும்பச் சுற்றி வந்தார், மறுபடியும் நாலாவதில்தான்.

"ஸ்பிரிங் கோளாறுன்னா ஆறுலயும் இறுகணும் புஷ்பா. கை நடுங்குச்சுன்னா கண்ட இடத்துல இறுகும். இது ஒரே குழியில இறுகுது. உள்ள என்னமோ இருக்கு லா."

உருளையைத் திறந்து, காலிக் குண்டுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டைத் தூக்கினார். அடியில் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. பல்குச்சியால் சுரண்டி மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். சந்தனம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சோதனைக்கு முந்தின வாரம்தான் ஆயுத பூஜை. குண்டு இல்லை என்று தெரிய உருளையைத் திறந்தே வைக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அப்படித் திறந்தபடியே எல்லாத் துப்பாக்கியையும் தாம்பாளத்தில் அடுக்கியிருந்தோம். முதலாளியின் மனைவி உமையாள் ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். மற்றதுக்கெல்லாம் பிடியில் வைத்தவர் இதற்கு மட்டும் தாராளமாக உருளையின் நடுவில் அப்பிவிட்டார். அது உள்ளே இறங்கிக் காய்ந்து தகட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. தகடு தூக்கிய பக்கம் துப்பாக்கியின் சட்டத்தில் உரச, நாலாவது குழி வரும்போது விசை இறுகியிருக்கிறது. ஒரு மனுஷனின் பிழைப்பு இத்தனூண்டு சந்தனத்தில் மாட்டியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம், அண்ணன் தப்பித்தார் என்று நினைத்தேன்.

முதலாளி பல்குச்சியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எம் பொண்டாட்டி துப்பாக்கிக்குப் பொட்டு வெச்சான்னு போலீஸ்ல போய்ச் சொல்லவா? லைசென்ஸைப் புடுங்கிடுவான். நல்லா தொடச்சு எண்ணெய் போடு. ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருங்க."

"அப்ப விமலன் அண்ணே, பாஸ்?" என்றேன்.

"வாயைத் திறந்தவன் அவன்தானே."

மறுநாள் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில், எல்லாரும் கூடியிருக்கும்போது, முதலாளி விமலன் அண்ணனைக் கூப்பிட்டு அதே ரிவால்வரைக் கையில் கொடுத்தார். "இழு. எந்த இடத்துல கல்லு நிக்குதுன்னு எல்லாருக்கும் காட்டு."

அண்ணன் இழுத்தார். ஆறு குழியும் வழுக்கிக்கொண்டு போயின. மறுபடி இழுத்தார். திரும்பத் திரும்ப இழுத்தார். அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

"பாஸ், அதுல சந்தனம் இருந்துச்சு, நேத்துதான் எடுத்தோம்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். "நாகையா அண்ணே, நீங்க சொல்லுங்க."

நாகையா தன் செருப்பைப் பார்த்தார். "நான் ஒண்ணும் பாக்கல லா" என்றார்.

"சந்தனமாம்" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. முதலாளி என் பக்கம் திரும்பாமலே, "புஷ்பா, போன் அடிக்குது, போய் எடு" என்றார். போன் அடிக்கவேயில்லை. அப்புறம் தன் மேசையில் இருந்த, விளிம்பு வரை தே தாரிக் டீ நிறைந்த கிளாஸை அண்ணன் கையில் கொடுத்து நீட்டிப் பிடிக்கச் சொன்னார். அத்தனை பேர் வேடிக்கை பார்க்க, அவமானத்தில் வெந்துகொண்டு நிற்பவன் கையில் எந்தக் கிளாஸ்தான் சிந்தாது? சிந்தியது. முதலாளி கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள், பாவிகள்.

இரண்டாவது சோதனைக்கு அவரை அனுப்பவில்லை. காஜாங்கில் ஒரு காண்டோ குடியிருப்பின் கேட்டில் கம்போடு நிற்க வைத்துவிட்டார்கள்.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். காவல் கூண்டில் அவரை உட்காரவைத்து, நாலாவது குழி, தகடு, பொட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அதிகாரியிடம் போய் நானே சாட்சி சொல்கிறேன், வாருங்கள் என்றேன். கோபப்படுவார், அழுவார், உடனே கிளம்புவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார்.

"நீ நல்ல பொண்ணும்மா. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றே. நான்தானே இழுத்துப் பாத்தேன்? சும்மா தண்ணியா போச்சு."

"அண்ணே, அது தொடச்சப்புறம்."

"நாகையா பொய் சொல்ற ஆளா? வேணாம்மா. இப்ப மருந்து சாப்பிடறேன். இங்க பாரு."

கையை நீட்டினார். விரல்கள் நிஜமாகவே நடுங்கின. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை.

"பாத்தியா," என்றார். "பாஸ் அப்பவே கண்டுபிடிச்சிட்டாரு."