சீசனில் சத்தம் கூடாது

மலை ஊர் மாப்பிள்ளை என்றதும் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். "கொடுத்து வச்சவடி நீ. நாங்க அங்க ரெண்டு நாள் தங்கறதுக்கே முட்டி மோதுறோம். உனக்கு வருஷம் பூரா சில்லுனு காத்து, ஏரி, படகு!" என்றாள் என் அக்கா. நானும் நம்பினேன். குளிர் முடிகிற சமயத்தில் கல்யாணமாகி வந்தபோது ஊர் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. ஏரிக்கரையில் ஈ காக்கை இல்லை. வீட்டின் முன்பக்கத்தில் பெரிய ஜன்னல் வைத்த அறையை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் ஏரியின் ஒரு மூலை தெரியும். புதுப்பெண் வெட்கத்தில் நான் அப்போது அதிகம் வாயைத் திறக்கவில்லை. வெட்கம் தெளிவதற்குள் சீசன் வந்துவிட்டது, அறையும் போய்விட்டது.

இந்த ஊரில் அதுதான் வழக்கம். சீசன் வந்தால் எல்லா வீடுகளிலும் முன்பக்கத்து அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டுக்காரர்கள் பின்பக்கம் ஒண்டிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் மாமியாருக்குச் சமையலறை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பக்கத்தில் சாமான் போடுகிற அறை. உபரித் தலையணைகளுக்கும் காலி சிலிண்டருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்க இடம் இருந்தது. எங்களுக்கும் விருந்தாளிகளுக்கும் இடையில் வெறும் பிளைவுட் தடுப்பு. அவர்கள் இருமினால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் இருமினால் அவர்களுக்குக் கேட்கும். ஆகவே நாங்கள் இருமக்கூடாது.

மாமியார் தங்கமானவர், அதில் சந்தேகமில்லை. என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் சீசன் தொடங்கிவிட்டால் அவருடைய ஆள்காட்டி விரல் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். பாத்திரத்தைத் துணி விரித்து அதன்மேல்தான் வைக்க வேண்டும். குக்கர் கூடாது, ஏனென்றால் அது கத்தும். வீட்டுக்குள் செருப்பு கூடாது. சிரிப்பு வந்தால் துண்டை வாயில் திணித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓட வேண்டும். பேச வேண்டியதையெல்லாம் காதோரம் போய் மூச்சுக்காற்றில் பேச வேண்டும். நான் பிறந்த வீட்டில் உப்பு கேட்டாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். அப்படி வளர்ந்தவளை ஊமையாக்கி வைத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குப் படகுத் துறையில் வேலை. நேரம் முடிந்த படகுகளை விசில் ஊதிக் கூப்பிடுவார். நடு ஏரியில் நின்றுபோன படகுகளை மோட்டார் படகில் போய் இழுத்து வருவார். பொழுதெல்லாம் தண்ணீரைப் பார்த்துக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான். நான் அவர் காதோரம் போய் ஏதாவது சொன்னால் "ம்" என்பார். அந்த "ம்" கூட இரவல் வாங்கியது மாதிரி இருக்கும்.

எனக்குப் போர்வைகள்தான் உலகம். ஒரு கூட்டம் அறையைக் காலி செய்யும், அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். மூடுபனியில் துணி காயாது. பாதி ஈரத்தோடு எடுத்து இஸ்திரிப் பெட்டியால் ஆவி பறக்கத் தேய்த்து விரிப்பேன். ஊரில் மலர்க் கண்காட்சி நடந்ததும், நாய்கள் அணிவகுத்துப் போனதும், பூங்காவில் பேண்டு வாசித்ததும் விருந்தாளிகள் பேசிக்கொண்டதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுத்தான் எனக்குத் தெரியும். "உங்களுக்கென்னம்மா, சொர்க்கத்துலயே குடியிருக்கீங்க" என்றார் ஒரு விருந்தாளி அம்மா. நான் அப்போது அவருடைய தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த உறையை அவர் தலையில் மாட்டிவிடலாமா என்றிருந்தது.

கோடை விழாவின் கடைசி வாரத்தில் அக்காவும் மாமாவும் வந்தார்கள். என் பழைய அறையிலேயே தங்கினார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஏண்டி, தொண்டை கட்டியிருக்கா?"

"இல்லக்கா."

"பின்ன ஏன் திருட வந்தவ மாதிரி பேசுறே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அதுவும் சத்தமில்லாமல் வந்தது. அக்கா பயந்தே போனாள். சின்ன வயதில் நான் அழுதால் தெருவே எட்டிப் பார்க்கும்.

"நீ எங்ககூடக் கிளம்பி வந்துடு. ஞாயித்துக்கிழமை படகுப் போட்டியைப் பார்த்துட்டு நேரா வண்டி ஏறிடலாம். கொஞ்ச நாள் இரு. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்."

அக்கா கொஞ்ச நாள் என்றுதான் சொன்னாள். போனால் திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. என் வீட்டுக்காரர்மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. கோபப்படும் அளவுக்கு அந்த மனிதரை எனக்குத் தெரியவே இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

மறுநாள் காலை அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "அக்காகூடப் போகலாம்னு இருக்கேன்" என்று காதோரம் சொன்னேன். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல "ம்" என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "போட்டியில நாமளும் கலந்துக்கலாமா?" என்று மெல்லக் கேட்டார்.

அது புருஷன் பெண்டாட்டி ஜோடியாக மிதிபடகு மிதிக்கிற போட்டி. விருந்தாளிகளுக்காக நடத்துவது. படகுத் துறை ஆட்கள் கலந்துகொள்ளக் கூடாது, ஏனென்றால் எந்தப் படகு ஓடும், எந்தப் படகு சண்டித்தனம் பண்ணும் என்று அவர்களுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எதையுமே கேட்காத ஆள் முதல்தடவையாக ஒன்று கேட்டதால் சூப்பர்வைசருக்கு மறுக்க வாய் வரவில்லையாம். "ஜெயிச்சாலும் பரிசு கிடையாது, பார்த்துக்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் நன்றாக விழுந்திருந்தது. கரையெல்லாம் குடையும் தொப்பியுமாகக் கூட்டம். எங்கள் படகு அன்னப்பறவை வடிவம். பெயிண்ட் உரிந்த மூக்கோடு கொஞ்சம் ஜலதோஷம் பிடித்தது மாதிரி இருந்தது. "இதுவா?" என்றேன். "இதுதான் ஓடும்" என்றார். ஊருக்கு வந்து இத்தனை நாளில் அன்றுதான் ஏரியில் இறங்கினேன். தண்ணீர் பச்சையாக, சலனமில்லாமல் கிடந்தது. போகிற நேரத்தில் இதைக் காட்டி என்ன பிரயோஜனம் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். ஆனால் விசில் ஊதியதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே மிதிக்கத் தொடங்கிவிட்டன. எனக்குத் தோற்பது ஆகாது.

மூக்கு உரிந்த அன்னம் பிய்த்துக்கொண்டு போனது. நடு ஏரியில் மிதக்கும் சிவப்புப் பீப்பாயைச் சுற்றித் திரும்பியபோது எங்களுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. கரையில் அக்கா துப்பட்டாவை வீசிக் குதித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது.

"தயவுசெய்து கவனிக்கவும். நாணல் பக்கம் ஒரு ஜோடி மாட்டிக்கிட்டிருக்காங்க. மோட்டார் படகோட சாவியைக் காணோம். யார்கிட்ட இருக்கோ அவங்க உடனே..."

அவர் கால் நின்றுவிட்டது. மெதுவாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "அய்யய்யோ" என்றார்.

மோட்டார் படகை ஓட்டுகிறவரே இவர்தான். வேலைக்கு வந்தால் சாவியைப் பையில் போட்டுக்கொள்வது பழக்கம். இன்று வேறு ஆளிடம் அதைக் கொடுத்துவிட்டு ஏற வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோன்றாமல் அதையும் சுமந்துகொண்டு என்னோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தார். கரைக்குப் போய்ச் சாவியைக் கொடுப்பதைவிட நாணல் பக்கம்தான் கிட்டம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மிதித்துக்கொண்டே தலையாட்டினேன். அன்னம் திரும்பியது. எங்களுக்குப் பின்னால் வந்த ஜோடிகள் எங்களைத் தாண்டிக் கையசைத்துக்கொண்டு போனார்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் வயதான ஜோடி. படகுக்கு அடியில் சுழலும் சக்கரத்தில் பாசி சுற்றிப் படகு நகரவில்லை. தொப்பிக்காரர் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி படகின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். என் வீட்டுக்காரர் எங்கள் படகிலிருந்த கயிற்றை எடுத்து ஒரே சுண்டலில் முடிச்சுப் போட்டார். போட்டுக்கொண்டே, "பயப்படாதீங்கம்மா, இந்தத் தண்ணி இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்ல. சார், நீங்க மிதிச்சது போதும், இனிமே ராஜா மாதிரி உக்காந்து வாங்க. நாங்க ரெண்டு பேர் எதுக்கு இருக்கோம்?" என்றார். அந்த அம்மா பயம் போய்ச் சிரித்தார்.

இவ்வளவு பேச்சா இந்த மனிதருக்குள் இருந்தது! இதில் ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி எனக்கு ஊற்றியிருக்கக் கூடாதா? வயிறு எரிந்தது.

இழுக்கத் தொடங்கினோம். இரண்டு படகின் கனம், நத்தை வேகம். வீட்டுப் பழக்கத்தில் மூச்சுக்காற்றில், "இப்படியெல்லாம் பேசத் தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"காத்துல கேக்கல. சத்தமா சொல்லு."

சத்தமா சொல்லு. சீசன் தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. நான் சுற்றிலும் பார்த்தேன். நாலு பக்கமும் தண்ணீர். தடுப்பு இல்லை, கதவு இல்லை.

"ஊர்ல போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் வாய் நிறையப் பேசுறீங்க, எனக்கு மட்டும் 'ம்'மா?" என்று கத்தினேன். நாணலிலிருந்து ஒரு கொக்கு எழுந்து பறந்தது.

அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

"மிதிங்க. மிதிச்சுக்கிட்டே பதில் சொல்லுங்க!"

"நீ எதுவுமே கேட்டதில்லையே?"

"எங்க கேக்கிறது? தலையணைக்குள்ளயா?"

"நீ அமைதியான பொண்ணுன்னு நினைச்சேன். வந்த புதுசுலயும் நீ பேசல. எங்க அம்மாகூட, நம்ம வீட்டுக்கேத்த பொண்ணு, சத்தமே இல்லன்னு..."

"நானா? நானா அமைதி? எங்க தெருவுல போய்க் கேளுங்க!"

பின்படகிலிருந்து தொப்பிக்காரர் இருமினார். நான் கண்டுகொள்ளவில்லை. போர்வை, ஈரம், சிலிண்டர், கேட்காமல் போன பேண்டு வாத்தியம் என்று மடமடவென்று கொட்டினேன். தொண்டை வலித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வருகிற வலி, நன்றாகவே இருந்தது. கடைசியில் கேட்டேன், "போறேன்னு சொன்னேனே, அப்பவாவது போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

ஏரியின் அந்தக் கரையிலிருக்கும் படகைக் கூப்பிடுகிற குரல் அது. முதல்முறையாக என் பக்கம் திரும்பியிருந்தது. நான் அசந்துபோனேன்.

"காலி சிலிண்டர் பக்கத்துல படுக்க வச்சிருக்கேன். கூப்பிடு தூரத்துல ஏரி, அதைக்கூடக் காட்டல. போகாதேன்னு சொன்னா நீ இருந்துடுவே. இருந்து, கொஞ்சம் கொஞ்சமா சத்தமில்லாம தேஞ்சு போவே. தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்? முன்ன எல்லாம் போர்வையை உதறும்போது ஏதாவது பாடுவே, இப்ப அதுவும் இல்ல. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல. அங்க போயாவது நல்லா இருக்கட்டும்னு..." குரல் உடைந்து நின்றது. "ஆனா போகாதே. எனக்கு நீ போகக்கூடாது."

என்னைக் கவனித்திருக்கிறார். தினமும் கவனித்திருக்கிறார். எனக்குள்ளே ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது. சந்தோஷம்தான், ஆனால் அதன் கையைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கோபமும் வந்தது.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நல்லாக் கேளும்மா" என்றது பின்படகிலிருந்து ஒரு குரல்.

"நீ கொஞ்சம் சும்மா இரேன்" என்றார் தொப்பிக்காரர்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? இத்தனை வருஷம் சும்மா இருந்தது போதாதா?" என்று அந்த அம்மா தொடங்கிவிட்டார். ஒரே கயிற்றில் இரண்டு சண்டைகளும் மெல்ல மெல்லக் கரையை நோக்கி நகர்ந்தன.

கரை நெருங்கியது. பரிசெல்லாம் கொடுத்து முடித்துக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. படகுத் துறை ஆட்கள் வரிசையாக நின்று எங்களையே பார்த்தார்கள். சூப்பர்வைசரும் நின்றார். இனி குரலைத் தாழ்த்துவார், "ம்" என்று முடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தாழ்த்தவில்லை. "பின்கட்டுல நாம படுக்க ஒரு ஷெட் போடலாம்னு அம்மாகிட்ட நான் கேக்கிறேன். நீ போர்வையைக் கீழ வச்சுட்டு வாரத்துல ஒரு சாயங்காலம் இங்க வா" என்று அதே குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். "ஒரு சாயங்காலமா? அதெல்லாம் பத்தாது" என்று நானும் அதே குரலில் சொன்னேன்.

படகு துறையில் முட்டி நின்றது. அக்கா படிக்கட்டின் கடைசிப் படிவரை இறங்கி வந்திருந்தாள். மேலே சாலையில் மாமா வண்டியைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க பேச்சு ஏரி பூரா கேட்டுச்சுடி" என்றாள் அக்கா. அவள் முகத்தில் இருந்தது சிரிப்பா கவலையா என்று தெரியவில்லை. "நேரமாச்சு. வரியா, இல்லையா?"

"நீ கிளம்புக்கா" என்றேன், வாய் நிறைய. "எங்க சண்டை இன்னும் முடியல."