மண் நிற்கும் என்று எழுதியவள்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. கட்டுமான நிறுவனத்தில் திட்டம் போடும் என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார்: "ரிஸ்க்னு எழுதினா, அதை யார் பாத்துக்குவாங்கன்னு பேர் போடணும், செலவு காட்டணும். அனுமானம்னு எழுதிட்டா யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம்." விழுந்து விழுந்து சிரித்தேன். எழுத உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. (கதையில் வருகிறவள் அவர் இல்லை. அவரைப் போல ஒருத்தி.)

2

முதல் தொடக்கம்: 'பள்ளத்தின் விளிம்பில் ஒற்றைச் செருப்பு ஒன்று…' வேண்டாம். செருப்பில் தொடங்கினால் மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இரண்டாவது: மேலாளரின் அறை. ஆறிப்போன டீ. குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டும் வேலைக்குத் திட்டம் போட்டவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். 'பள்ளத்தின் பக்கங்கள் சரியலாம்' என்று ரிஸ்க் பட்டியலில் எழுதியிருக்கிறாள்.

"மண்ணைச் சோதிச்சாச்சா?"

"இல்ல சார். அதுக்குத்தான் டைம் கேக்கறேன்."

"டைம் எங்கம்மா இருக்கு? போன வேலையில மண்ணு நின்னுச்சில்ல? இங்கயும் நிக்கும்னு அனுமானத்துல போட்டுடு."

போட்டுவிட்டாள்.

(இங்கே அவளை என்னால் நம்ப முடியவில்லை. பள்ளத்தில் இறங்கப்போகிறவர்களில் அவள் தம்பியும் ஒருவன். தெரிந்தே எந்த அக்கா எழுதுவாள்? மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எழுதினாள். மாட்டேன் என்றால் வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொள்வார்கள். எப்படியும் வேலை தொடங்குவதற்குள் சோதித்துவிடலாம் என்றும் நினைத்தாள். என் பல்வலியை நானும் அப்படித்தான் தள்ளிப்போடுகிறேன்.)

3

'நிற்கும் என்று வைத்துக்கொள்வோம்' என்று அலுவலகத்தில் இருந்தது, பள்ளத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் 'நிற்கும்' ஆகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லும்போது சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்கும் பலகைகளை மேஸ்திரி கேட்கவே இல்லை.

4

முடிவு ஒன்று: மண் சரிகிறது. அவள் ஓடுகிறாள். மண்டியிட்டு, வெறுங்கையால் மண்ணை… (மேலே எழுத என்னால் முடியவில்லை.)

முடிவு இரண்டு: மண் நிற்கிறது. எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். அப்பாடா என்றிருந்தது. ஆனால் அடுத்த திட்டத்தின்போது மேலாளர் மறுபடி கேட்பார்: "போன தடவை நின்னுச்சில்ல?" அதை எழுதியபோதுதான் எனக்கு மனசே விட்டுப்போனது.

5

முடிவு மூன்று: விடாமல் மழை. அவள் தம்பியைப் போனில் பிடிக்கிறாள்.

"டேய், மேல ஏறி வா. இப்பவே."

"ஏன்க்கா? மண்ணு நிக்கும்னு பிளான்லயே இருக்காமே. மேஸ்திரி சொன்னாரு. நீ போட்ட பிளான்தானே?"

"அது நிக்குமான்னு தெரியாமலே எழுதினதுடா. யாரும் சோதிக்கவே இல்ல."

அவன் மண்வெட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி, வரேன். நான் மட்டும் வரவா, எல்லாரையும் கூப்பிடவா?"

எல்லோரும் ஏறினால் வேலை நிற்கும். யார் நிறுத்தச் சொன்னது என்று கேள்வி வரும். அவள் வேலை போகும்; அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. 'எல்லாரும்' என்றுதான் சொல்வாள் என எழுத ஆசையாக இருக்கிறது. மேலாளரின் அறையிலும் அவள் 'மாட்டேன் சார்' என்று சொல்வாள் என ஆசைப்பட்டவன்தான் நான்.

தம்பி போனைக் காதில் வைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். என்னால் ஆனது இவ்வளவுதான். அவளுக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், மழை வலுக்கிறது.